சாக்ரடீஸைப் பேட்டி எடுத்த தொலைக்காட்சி



"வரலாறு என்றால் செத்துப்போன ராஜாக்கள் கதைதானே சார்?" என்று வகுப்பில் கேட்டவர்கள் உங்களில் உண்டு. அவர்களுக்காக இன்று சிட்னி லூமெட் என்ற அமெரிக்க இயக்குநரைப் பற்றி எழுதுகிறேன்.

1924-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். நாடக நடிகரின் மகன். சிறுவயதிலேயே மேடை ஏறியவர். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தில் ரேடார் பழுதுபார்ப்பவராக இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றினார். பிறகு சி.பி.எஸ். தொலைக்காட்சியில் சேர்ந்தார்.

அங்கே 1953-இல் 'யூ ஆர் தேர்' என்ற தொடர் தொடங்கியது. வரலாற்று நிகழ்ச்சியை நடித்துக் காட்டுவார்கள்; நடுவில் இக்காலச் செய்தியாளர் புகுந்து பேட்டி எடுப்பார். பல பகுதிகளை இயக்கியவர் லூமெட்.

அப்போது அமெரிக்காவில் அச்சம் ஆட்சி செய்தது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலே போதும், பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும், வேலை போகும். அப்படி வேலை இழந்த பெர்ன்ஸ்டீன், போலான்ஸ்கி, மனாஃப் ஆகிய மூன்று எழுத்தாளர்கள் இந்தத் தொடருக்கு வேறு ஆட்களின் பெயரில் எழுதினார்கள். எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? சாக்ரடீஸின் மரணம், கலிலியோவுக்கு வந்த சோதனை, சேலத்தில் நடந்த சூனியக்காரிகள் விசாரணை. (நம்ம சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் சேலம்!) பழைய கதைதான். ஆனால் அன்றைய அமெரிக்காவுக்குக் காட்டிய கண்ணாடி அது.

1957-இல் லூமெட்டின் முதல் சினிமா, '12 ஆங்ரி மென்'. அதுவும் முதலில் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதைதான். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பையன்; தீர்ப்புச் சொல்ல 12 ஜூரிகள். 11 பேர் குற்றவாளி என்கிறார்கள். ஒருவர் மட்டும், "கொஞ்சம் பேசிப் பார்ப்போம்" என்கிறார். ஏறக்குறைய படம் முழுவதும் ஒரே அறைதான். இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் படப்பிடிப்பு. நேரம் போகப் போக சுவர்கள் நெருங்கி வருவதுபோல் தோன்றும்படி லென்ஸை மாற்றிக்கொண்டே போனார்.

வெளியே சந்தேகமே மனிதர்களைத் தண்டித்த காலம் அது. இந்த அறைக்குள் சந்தேகம் ஒரு பையனைக் காப்பாற்றுகிறது. இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

படம் வசூலில் சோபிக்கவில்லை. பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. பின்னர் 'செர்பிகோ', 'நெட்வொர்க்' என 40-க்கும் மேற்பட்ட படங்கள். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 2005-இல் கௌரவ ஆஸ்கர் தந்தார்கள். 2011-இல் காலமானார்.

பிள்ளைகளே, யாரையாவது பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன், அந்த 12-ஆவது ஆள்போல் ஒரு நிமிடம் நில்லுங்கள். இதுவே இன்றைய வீட்டுப்பாடம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்