கார்டன் ஷாஃப்ட்

கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கடத்தும் தண்டை ஜெர்மானியரும் ரஷ்யரும் அழைப்பது ஜெரோலமோ கார்டானோ (1501–1576) என்ற இத்தாலிய மருத்துவர், கணிதரின் பெயரால். அவர் விவரித்தது, எப்பக்கம் சாய்ந்தாலும் நடுப்பொருள் சாயாத வளையத் தொங்கலை. அதுவும் பண்டைக் கிரேக்கர் அறிந்ததே! தண்டின் முனைகளில் உள்ள, வளைந்தபடியே சுழலும் மூட்டுக்கு 'யுனிவர்சல் ஜாயின்ட்' என்ற பெயர் ராபர்ட் ஹூக் 1676இல் தந்தது. நம் பட்டறைகளிலோ அதன் சிலுவைத் துண்டு வெறும் 'கிராஸ்'.

இந்த மூட்டு வளைந்து சுழன்றால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் இருமுறை ஏறி இறங்கும். மறுமுனை மூட்டு அதைச் சமன்செய்யும். ஜீப்பை உயர்த்திக் கட்டினால் கோணம் கூடி வண்டி அதிரும். அதற்காகவே கியர்பாக்ஸ் பக்கமுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில், இரு மூட்டுகளை அடுத்தடுத்து இணைத்த இரட்டைக் கார்டன் போடுகிறார்கள். போட்டால் மட்டும் போதாது. பின்னச்சு பினியனின் முகத்தையும் தண்டை நோக்கித் திருப்ப வேண்டும். வீட்டில் மாற்றுகிறவர்கள் பலர் மறப்பது இதைத்தான்.