ஆவர்த்தனப் பண்புகள்

தனிமங்களை அணு எண் ஏறுவரிசையில் அடுக்கினால் அணுவின் பருமன், எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க வேண்டிய ஆற்றல் (அயனியாக்கும் ஆற்றல்), பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலு (எலக்ட்ரான் கவர்தன்மை) போன்ற இயல்புகள் ஏறி இறங்கி மீண்டும் தொடங்கிய இடத்துக்கு வருகின்றன. இவையே ஆவர்த்தனப் பண்புகள். கச்சேரியில் தாளம் ஒரு சுற்று முடிந்து சமத்துக்குத் திரும்புவதையும் ஆவர்த்தனம் என்கிறோம். ஆனால் தாளத்தின் சுற்றுக்கு அளவு மாறாது. தனிமங்களின் சுற்றோ 2, 8, 8, 18, 18, 32, 32 என்று நீண்டுகொண்டே போகிறது. அந்த நீட்சியைப் புரிந்துகொள்ள வேதியியலுக்கு நூறு ஆண்டுகள் பிடித்தன.

பள்ளிச் சுவரில் தொங்கும் அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும்: இடமிருந்து வலமாகப் போனால் அணு சிறுக்கும், மேலிருந்து கீழாகப் போனால் பெருக்கும். பொதுவாக இது சரிதான். இத்துறையின் வரலாறு நகர்ந்ததோ அந்த அம்பு பிசகிய இடங்களில்.

ஜெர்மனியின் யேனா நகரில் பேராசிரியராக இருந்த டாபரைனர் 1829இல் மும்மைகளை வெளியிட்டார். குளோரினின் அணு நிறை 35.5, அயோடினின் அணு நிறை 127. இரண்டின் சராசரி 81. நடுவிலுள்ள புரோமினின் அணு நிறையோ 80. நிறம், வினைத்திறன், உருகுநிலை ஆகியவற்றிலும் புரோமின் அவ்விரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. ஒரு பண்பு தொகுதியில் கீழிறங்கும்போது படிப்படியாக மாறுகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தெளிவான சான்று இது. மேற்கொண்டு போக அவரால் முடியவில்லை. அன்று ஒரே தனிமத்துக்கு ஆளுக்கொரு அணு நிறை சொல்லிவந்தார்கள். 1860இல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் இத்தாலியரான கன்னிசாரோ அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வழி காட்டிய பிறகே கணக்கு நேரானது.

லண்டன் வேதியியலர் நியூலாந்து 1865இல் எண்ம விதியை முன்வைத்தார். ச, ரி, க, ம, ப, த, நி முடிந்து எட்டாவதாக மேல் ஸட்ஜம் வருவதுபோல், ஒவ்வொரு எட்டாவது தனிமமும் முதலாவதை ஒத்திருக்கிறது என்றார். கால்சியம் வரை சுருதி சேர்ந்தது. அதன் பிறகு இரும்பை ஆக்சிஜன், கந்தகத்துக்குக் கீழும், கோபால்ட்டையும் நிக்கலையும் ஒரே கட்டத்தில் திணித்து குளோரினுக்குக் கீழும் வைக்க நேர்ந்தது. தனிமங்களை அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா என்று 1866இல் வேதியியல் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேலியாகக் கேட்டார். கேலி நியாயமற்றது, ஆனால் விதியின் ஓட்டை உண்மையானது: சுற்றின் நீளம் மாறாது என்று நியூலாந்து எடுத்துக்கொண்டுவிட்டார். நியான் தெரிந்திருந்தால் எட்டே ஒன்பதாகியிருக்கும்.

1869இல் ரஷ்ய வேதியியலர் மெண்டலீவ் 63 தனிமங்களை அடுக்கினார். அதுவரை கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு அவர் விட்ட காலி இடங்களும், அவற்றுக்கு வடமொழி ‘ஏக’ சேர்த்து வைத்த பெயர்களும் பலரும் அறிந்த கதை. ஏக-சிலிக்கானுக்கு அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்றார், 1886இல் விங்க்ளர் கண்டுபிடித்த ஜெர்மானியத்துக்கு முறையே 72.6, 5.3. காலியத்தின் கதை இன்னும் சுவையானது. 1875இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் புவாபோத்ரான் அடர்த்தி 4.7 என்று அறிவிக்க, தனிமத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், அளவு தவறு, 5.9 இருக்க வேண்டும் என்று எழுதினார். தூய மாதிரியில் மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. போக்கை நம்பி அளவையே திருத்தச் சொல்லும் அளவுக்கு அவருக்குத் துணிவு இருந்தது. யுரேனியத்தின் அணு நிறையை 120இலிருந்து 240 ஆக இரட்டித்ததும் அதே துணிவுதான்.

போக்கை முதலில் கண்ணுக்குத் தெரியும் கோடாக வரைந்தவர் லோதர் மேயர். 1870இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் அணு நிறையை அடர்த்தியால் வகுத்து வரும் ‘அணுப் பருமன்’ செங்குத்து அச்சில் இருந்தது. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். சோடியம்: 23ஐ 0.97ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24. மக்னீசியம் 14, அலுமினியம் 10. பிறகு சிலிக்கான் 12 என்று கோடு மேலே திரும்பி, பொட்டாசியத்தில் 45ஐத் தொடுகிறது. கார உலோகங்கள் எல்லாம் மலை உச்சிகள், இடையில் பள்ளத்தாக்குகள். ஒரே படத்தில் முழு விதியும் தெரிந்தது. மெண்டலீவுக்குக் கிடைத்த புகழில் பாதி மேயருக்குக் கிடைக்காமல் போனது வருத்தத்துக்குரியது. இத்தனைக்கும் 1882இல் லண்டன் ராயல் சங்கம் டேவி பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே வழங்கியது.

ஆனால் மேயர் அளந்தது அணுவின் அளவையல்ல, திடப்பொருளில் ஓர் அணு அடைத்துக்கொள்ளும் இடத்தை. அதனால்தான் அவர் கோடு சிலிக்கானில் ஏறத் தொடங்கியது. எக்ஸ் கதிரால் படிகங்களை ஆராய்ந்து லாரன்ஸ் பிராக் 1920இல் அணு ஆரங்களைத் தொகுத்த பிறகே அணுக்களிடையே உள்ள தூரம் நேரடியாகக் கைக்கு வந்தது. இன்றைய அளவில் சோடியத்தின் உலோக ஆரம் 186 பிகோமீட்டர், குளோரினின் சகப்பிணைப்பு ஆரம் 99. பதினோரு எலக்ட்ரான் உள்ள அணு பெரிது, பதினேழு உள்ளது சிறிது! முதலில் கேட்பவருக்கு இது முரணாகவே படும். புதிதாக வரும் எலக்ட்ரான்கள் அதே வெளிக்கூட்டில் சேர்கின்றன. ஒன்றையொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அணுக்கருவின் மின்சுமையோ ஒவ்வொரு படியிலும் ஒன்று கூடி, மொத்தக் கூட்டத்தையும் உள்ளே இழுக்கிறது. அடுத்த தொடரில் புதுக் கூடு திறக்கும்போது அணு சட்டென்று பெருத்துவிடுகிறது.

இந்த விளக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் மோஸ்லி. அணு நிறைப்படி டெல்லூரியம் (127.6) அயோடினுக்கு (126.9) பின்னால் வர வேண்டும், பண்புப்படி முன்னால் வர வேண்டும். மெண்டலீவ் பண்பின் பக்கம் நின்று, டெல்லூரியத்தின் நிறையைத் தவறாக அளந்திருக்கிறார்கள் என்று நம்பினார். நிறை சரியாகவே அளக்கப்பட்டிருந்தது. வரிசைக்கு அளவுகோல்தான் வேறு. தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை 1913, 1914 ஆண்டுகளில் அளந்த மோஸ்லி, வரிசையைத் தீர்மானிப்பது அணுக்கருவின் மின்சுமை என்று காட்டினார். 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு வயது 27.

அயனியாக்கும் ஆற்றலின் கதை வேறு திசையில் போகிறது. லித்தியத்தில் 5.4 எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி நியானில் 21.6ஐ எட்டும் ஏற்றத்தில் இரண்டு சறுக்கல்கள் உண்டு. பெரிலியம் 9.3, அடுத்த போரான் 8.3, நைட்ரஜன் 14.5, அடுத்த ஆக்சிஜன் 13.6. போரானில் கழலும் எலக்ட்ரான் சற்று உயர்ந்த p மட்டத்தில் இருக்கிறது. ஆக்சிஜனில் அது ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் அறைக்குள் இரண்டாவதாக நுழைந்தது. தேர்வில் கேட்கப்படும் இந்த இரண்டு சறுக்கல்களும் கூட்டுக்குள் உட்கூடுகள் இருப்பதற்கு நேரடிச் சாட்சி.

இந்த எண்களைக் கொல்கத்தாவிலிருந்து விண்மீன்களுக்குக் கொண்டுபோனவர் மேகநாத் சாஹா. வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்கும் ஆற்றல் மூன்றையும் இணைத்து 1920இல் அவர் தந்த சமன்பாடு, ரூபிடியமும் சீசியமும் சூரிய ஒளியில் ஏன் தென்படவில்லை என்பதை விளக்கியது: எளிதில் எலக்ட்ரானை இழக்கும் அவை அந்த வெப்பத்தில் பெரும்பாலும் அயனிகளாகிவிடுகின்றன. குளிர்ந்த கரும்புள்ளிகளில் தேடினால் கிடைக்கலாம் என்றார். அமெரிக்க வானியலர் ரஸ்ஸல் அங்கே ரூபிடியத்தைக் கண்டார்.

எலக்ட்ரான் கவர்தன்மையை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. அது கணக்கிட்டுப் பெறும் எண். 1932இல் அமெரிக்க வேதியியலர் பாலிங் பிணைப்பு ஆற்றல்களிலிருந்து அதைக் கறந்தார். ஹைட்ரஜன்–ஹைட்ரஜன், ஃபுளூரின்–ஃபுளூரின் பிணைப்புகளின் சராசரி மோலுக்குச் சுமார் 297 கிலோஜூல். ஹைட்ரஜன்–ஃபுளூரின் பிணைப்போ 565. இந்த மிகுதி, எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதன் விளைவு என்பது அவர் வாதம். ஃபுளூரினுக்கு 4.0 கொடுக்கும் அந்த அளவுகோலே இன்றும் பாடநூல்களில் ஆள்கிறது.

அட்டவணையின் கீழ்ப்பகுதியில் அம்புகள் அதிகம் தடுமாறுகின்றன. 72ஆம் தனிமம் அருமண் அல்ல, சிர்கோனியத்தின் இனம் என்று இயற்பியலர் நீல்ஸ் போரின் அணுக் கொள்கை சொன்னது. 1923இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியத் தாதுவுக்குள்ளேயே ஹாஃப்னியத்தைக் கண்டு அறிவித்தார்கள். ஒரு தொடர் கீழே இருந்தும் ஆரம் ஏறவில்லை: சிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159 பிகோமீட்டர். இடையில் வரும் லாந்தனைடுகளின் f எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சரியாக மறைக்காததால் அணு சுருங்கிவிடுகிறது. இதற்கு லாந்தனைடு குறுக்கம் என்று பெயரிட்டவர் கோல்ட்ஷ்மிட். இரண்டு உலோகங்களையும் பிரிப்பது இன்றும் சிரமமான வேலை.

அயனியாக்கும் ஆற்றலின் வரைபடம் 1962இல் இன்னொரு கதவைத் திறந்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்குவதைக் கண்டிருந்தார். அதற்கு வேண்டியது 12.1 எலக்ட்ரான் வோல்ட். பாடம் தயாரிக்கையில் வரைபடத்தைப் பார்த்தவருக்கு, செனானுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பது பட்டது. மார்ச் 23 அன்று சிவந்த ஆவியும் நிறமற்ற செனானும் கலந்ததும் மஞ்சள் திடப்பொருள் படிந்தது. எதனோடும் சேராது என்று அதுவரை கற்பித்துவந்த வாயு சேர்ந்துவிட்டது. அந்தச் சேர்மத்தின் அமைப்பு அவர் முதலில் எழுதிய எளிய வாய்பாட்டைவிடச் சிக்கலானது என்று பின்னர் தெரிந்தது.

கனமான அணுக்களில் உள் எலக்ட்ரான்களின் வேகம் இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவருகிறது. தங்கத்தில் அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு. சார்பியல் விளைவால் வெளி s எலக்ட்ரானும் நெருக்கிக் கட்டப்படுகிறது. அதனால் வெள்ளியில் 7.6 ஆக இருக்கும் அயனியாக்கும் ஆற்றல் தங்கத்தில் குறையாமல் 9.2க்கு ஏறுகிறது, தங்கம் நீல ஒளியை விழுங்கி மஞ்சளாக மின்னுவதும் இதனால்தான். எலக்ட்ரானை மிக எளிதாக விடும் தனிமம் முதல் தொகுதியின் அடியிலுள்ள ஃபிரான்சியம் என்று அம்புக்குறியைப் பார்த்துச் சொல்லத் தோன்றும். 1939இல் மார்கரீட் பெரே கண்ட அத்தனிமத்தின் நீடித்த ஐசோடோப்புக்கே அரை ஆயுள் 22 நிமிடம். அளந்து பார்த்ததில் ஃபிரான்சியத்துக்கு 4.07 எலக்ட்ரான் வோல்ட் வந்தது. மேலேயுள்ள சீசியத்துக்கு 3.89.