கோப்ரா நகல் தானுந்து

கோப்ரா நகல் தானுந்து என்பது 1960களில் தயாரிக்கப்பட்ட ஏசி கோப்ரா என்னும் விளையாட்டுத் தானுந்தின் (ஸ்போர்ட்ஸ் கார்) தோற்றத்தைப் பின்பற்றிப் பிற்காலத்தில் உருவாக்கப்படும் தானுந்து ஆகும். இது பெரும்பாலும் உதிரிப்பாகத் தொகுதியாக (கிட்) விற்கப்படுகிறது. வாங்குபவரே பாகங்களைப் பொருத்தி வண்டியை முடிக்க வேண்டும். உலகில் மிகுதியாக நகலெடுக்கப்பட்ட தானுந்துகளுள் இதுவும் ஒன்று.

மூல வண்டி

பிரித்தானிய நிறுவனமான ஏசி கார்ஸ், ஏஸ் என்னும் எடை குறைந்த திறந்த தானுந்தைத் தயாரித்து வந்தது. அமெரிக்கப் பந்தய ஓட்டுநரான கரோல் ஷெல்பி அதில் ஃபோர்ட் நிறுவனத்தின் வி-8 எந்திரத்தைப் பொருத்தி, 1962 ஆம் ஆண்டில் கோப்ராவை உருவாக்கினார். 7 லிட்டர் எந்திரம் கொண்ட வகை 1965 இல் வெளிவந்தது. அப்பத்தாண்டில் ஏறத்தாழ ஆயிரம் வண்டிகளே தயாரிக்கப்பட்டன. இவ்வருமை காரணமாக அவற்றின் விலை பெரிதும் உயர்ந்தது. முதல் கோப்ரா 2016 இல் 1,37,50,000 அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

தொகுதியின் அமைப்பு

மூல வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. நகல்களில் பெரும்பாலும் எஃகுக் குழாய் அடிச்சட்டத்தின் மீது கண்ணாடியிழை உடல் பொருத்தப்படுகிறது. எந்திரம், கியர் பெட்டி, சக்கரங்கள், வண்ணப்பூச்சு ஆகியன பல தொகுதிகளில் அடங்குவதில்லை. இவற்றுட் சிலவற்றைப் பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றி எடுப்பதுண்டு. 1995 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் தொகுதிகளுக்கு ஃபோர்ட் மஸ்டாங் இவ்வகையில் பயன்பட்டது.

நன்மைகள்

* மூல வண்டியின் விலையில் மிகச் சிறு பங்கே செலவாகும்.
* கண்ணாடியிழை உடல் துருப்பிடிப்பதில்லை.
* பெருமளவில் தயாரிக்கப்படும் எந்திரப் பாகங்களைப் பயன்படுத்துவதால் மாற்றுப் பாகங்கள் எளிதில் கிடைக்கும்.
* அரும்பொருள் சேதமாகுமோ என்ற அச்சமின்றி ஓட்டலாம்.
* பொருத்துபவர் வண்டியின் ஒவ்வொரு பகுதியையும் அறிந்துகொள்கிறார்.

குறைபாடுகள்

* தொகுதியின் விலை மொத்தச் செலவு அன்று. எந்திரம், வண்ணப்பூச்சு, கருவிகள், பதிவுக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.
* வேலைக்குப் பல நூறு மணி நேரம் தேவைப்படலாம். இடமும் பொறுமையும் இன்றிப் பாதியில் கைவிடப்படும் வண்டிகளும் உண்டு.
* பெரும்பாலானவற்றில் காற்றுப்பைகள் இல்லை. எடை குறைந்த வண்டியில் ஆற்றல்மிக்க எந்திரம் அமைவதால் ஈரமான சாலையில் எளிதில் கட்டுப்பாடு இழக்கக்கூடும்.
* பக்கவாட்டிலுள்ள புகைபோக்கிக் குழாய்கள் இறங்கும்போது காலைச் சுடக்கூடும்.
* மறுவிற்பனை விலை, பொருத்தியவரின் வேலைத்தரத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

சட்ட நிலை

ஐக்கிய இராச்சியத்தில் இத்தகைய வண்டிகள் சாலைக்கு வருமுன், தனி வண்டி ஒப்புதல் என்னும் ஆய்வில் தேற வேண்டும். 2009 இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில் தடுப்பான்கள், விளக்குகள், இருக்கைப் பட்டைகள், புகை வெளியீடு, வெளியே நீட்டிய கூர்முனைகள் முதலியன சோதிக்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

வடிவுரிமையும் சிக்கலுக்குரியது. ஃபெராரி வண்டிகளின் நகல்களைத் தயாரித்தவருக்கு எதிரான வழக்கில், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991 இல் ஃபெராரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கோப்ரா நகல்கள் பல வேறு பெயர்களில் விற்கப்படுகின்றன.

வாங்குமுன் கருதத்தக்கவை

தொழிற்சாலையில் முடிக்கப்பட்ட தானுந்தின் தரத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார். தொகுதி வண்டியில் தடுப்பானும் திசைமாற்றியும் சரியாகப் பொருந்தியுள்ளனவா என்பதற்குப் பொருத்தியவரே முதற்பொறுப்பாளி. ஆகவே பதிவு விதிகளையும் காப்பீட்டையும் முன்கூட்டியே விசாரித்தல் நன்று. பிறர் பொருத்திய வண்டியை வாங்குவோர் அதன் ஆவணங்களையும் பற்றவைப்பு இணைப்புகளையும் வல்லுநரைக் கொண்டு ஆய்வு செய்தல் வேண்டும்.