பேப்பர் ராக்கெட்டை யார் தள்ளுறா?

காலி ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில், அதோட வாயில டேப் போட்டு இறுக்கி ஒட்டின அரை இஞ்ச் பிவிசி பைப், பைப் முனையில செருகின பேப்பர் ராக்கெட். பாட்டிலை ஓங்கி மிதிச்சா ராக்கெட் மாடி உயரத்துக்குப் பறக்கும். இதைப் பார்க்காதவங்க ரொம்பக் கம்மி. இன்னைக்கு எபிசோடு இந்த விளையாட்டுக்குப் பின்னாடி இருக்கிற வரலாறு பத்தி.

எங்க அபார்ட்மென்ட் பசங்களோட இதைச் செஞ்சப்போ பத்து வயசுப் பொண்ணு ஒருத்தி கேட்டா: "அண்ணா, பைப்பை விட்டு வெளிய வந்த அப்புறம் அதை யாரு தள்ளுறா?"

யாருமே தள்ளுறதில்லை. அதுதான் விஷயம். நிஜ ராக்கெட் எரிபொருளைத் தானே சுமந்துட்டுப் போகும். போற வழியெல்லாம் வாயுவைப் பின்னாடி கக்கிக்கிட்டே வேகம் எடுக்கும். நம்ம பேப்பர் ராக்கெட்டுக்கு மொத்த வேகமும் பைப்புக்குள்ளேயே கிடைச்சிடும். அதுக்கப்புறம் வேகம் குறையத்தான் செய்யும். அதாவது, பேருக்குத்தான் அது ராக்கெட். குணத்துல அது பீரங்கிக் குண்டு.

காற்றை அமுக்கி எறியுற யோசனை ரொம்பப் பழசு. கி.மு. 3ஆம் நூற்றாண்டுல அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த டெசிபியஸ், உருளைக்குள்ள அமுக்கின காற்றால இயங்கும் எறிபொறி ஒண்ணை வடிவமைச்சார். 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் கிரார்டோனி காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்துச்சு. தோள்ல வைக்கிற கட்டைதான் அதுல காற்றுத் தொட்டி. நிரப்பணும்னா ஆயிரம் தடவைக்கு மேல பம்ப் அடிக்கணும்.

1898ல நடந்த ஸ்பெயின்–அமெரிக்கப் போர்ல 'வெசுவியஸ்'னு ஓர் அமெரிக்கக் கப்பல் இருந்தது. அதுல 15 இஞ்ச் விட்டத்துல மூணு காற்று பீரங்கிகள். ஏன் காற்று? வெடிமருந்து அடிக்கிற அடியில, குண்டுக்குள்ள இருக்கிற டைனமைட் மாதிரிச் சரக்கு குழாய்க்குள்ளேயே வெடிச்சிடும்னு பயம். காற்று கொஞ்சம் மென்மையாத் தள்ளும். ராத்திரியில கியூபாவோட சாண்டியாகோ கரைமேல அது குண்டு போட்டப்போ பீரங்கிச் சத்தம் பெருசா கேட்காது; குண்டு வந்து விழுந்து வெடிக்கிறது மட்டும்தான் கேட்கும். ஆனா பீரங்கிகள் கப்பலோடயே நிலையாப் பொருத்தினவை. குறி வைக்கணும்னா மொத்தக் கப்பலையும் திருப்பணும். அதனால அந்த யோசனை நிலைக்கலை.

சரி, பீரங்கியால விண்வெளிக்குப் போக முடியுமா? 1865ல ஜூல் வெர்ன் எழுதின நாவல்ல 900 அடி நீள பீரங்கி வெச்சு மனுஷங்களை நிலாவுக்கு அனுப்புவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. பூமியை விட்டுத் தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேணும். அதை 274 மீட்டருக்குள்ள எட்டணும்னா, உள்ள இருக்கிறவங்க மேல அவங்க எடையை விட 20,000 மடங்குக்கு மேல அழுத்தம் விழும். கூழாகிடுவாங்க. வெர்னைப் படிச்சு வளர்ந்த ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி, 1903ல ராக்கெட் சமன்பாட்டை வெளியிட்டார். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்ங்கிறதுதான் அந்த வழியோட பலம்.

ஆனா பீரங்கிக் கனவு சாகலை. கனடா இன்ஜினியர் ஜெரால்ட் புல், ரெண்டு கடற்படை பீரங்கிக் குழாய்களை ஒட்டி 36 மீட்டர் நீளத்துக்கு ஒண்ணு செஞ்சார். அப்படி ஒட்டுறதுக்கு முன்னாடியே, 1963 ஜனவரியில பார்படோஸ் தீவுல முதல் சோதனை நடந்துச்சு. அதே வருஷம் நவம்பர் 21ஆம் தேதி நம்ம தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்புச்சு. மேல் வளிமண்டலத்தை ஆராயணும்ங்கிற ஒரே வேலைக்கு, ஒரே வருஷத்துல ரெண்டு வழி. 1966 நவம்பர்ல, அரிசோனாவோட யூமாவிலிருந்து புல் குழுவோட குண்டு 180 கிலோமீட்டர் உயரம் தொட்டுச்சு. இருந்தாலும் அது கீழ விழுந்துதான் ஆகணும். சுற்றுப்பாதையில நிக்கணும்னா மேல போய் இன்னொரு தள்ளு வேணும். அதுக்கு ராக்கெட்தான் தேவை.

அதுக்கு அடுத்த வருஷம் அரசுப் பணம் நின்னுபோச்சு. 1980கள்ல புல், சதாம் உசேனோட ஈராக்குக்காக ராட்சத பீரங்கி கட்ட ஆரம்பிச்சார். 1990 மார்ச்ல பிரஸ்ஸல்ஸ்ல, அவர் வீட்டு வாசல்லேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த மாசம் பிரிட்டன் துறைமுகத்துல அந்தப் பீரங்கிக்கான குழாய்கள் பிடிபட்டன. பெட்ரோகெமிக்கல் பைப்னு காகிதத்துல போட்டு அனுப்பப் பார்த்திருந்தாங்க.

வானத்தை அளக்கச் செஞ்ச குழாயும் ஊரை அடிக்கச் செஞ்ச குழாயும் பார்வைக்கு ஒண்ணுதான். ராக்கெட்டுக்கும் இதே கதை உண்டு. பசங்ககிட்ட இதை மறைக்கத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

செய்யப் போறவங்களுக்கு ரெண்டு விஷயம். பாட்டிலை மிதிக்கிற முறையோட நிறுத்திக்கோங்க. பம்ப் வெச்சு பிவிசி பைப்புல காற்றை அடைக்கிற வீடியோக்களை நம்பாதீங்க; அந்த பைப் அமுக்கின காற்றுக்காகச் செஞ்சதில்லை, உடைஞ்சா சில்லு சில்லாத் தெறிக்கும். அப்புறம், மிதிக்கிறதுக்கு முன்னாடி முகத்தை யாரும் பைப்புக்கு மேல நீட்டக் கூடாது.

ரெண்டாவது, அதே ராக்கெட்டை நீளமான பைப்புல ஒரு தடவை, குட்டையான பைப்புல ஒரு தடவை விடச் சொல்லுங்க. எது உயரமா போகுது, ஏன்னு அவங்களே பேசிக்கட்டும். விடையை நீங்க முந்திக்கிட்டுச் சொல்லாதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.