நிரம்பாத குழியும் ஓர் அறிகுறியே
தீவகத்தில் கழிவுநீர் அடைப்பும் கிணற்று நீரின் பாதுகாப்பும்

மலக்குழி கட்டிப் பல வருடங்களாகியும் ஒருநாளேனும் நிரம்பவில்லை என்பதைப் பெருமையாகக் கூறுவோர் எம்மிடையே உளர். கழிவுநீர் தடையின்றி ஓடினால் நலம், அடைத்துக்கொண்டால் மட்டுமே துன்பம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் முழுமையானதன்று.

தீவகத்தின் நிலம் சுண்ணாம்புக்கல்லினாலானது. இங்கு ஆறுகள் கிடையா. மாரியில் பெய்யும் மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. எமது கிணறுகள் அனைத்தும் இந்தப் படையையே நம்பியுள்ளன. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உவர்நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ள போதிலும், குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பெரும்பாலும் கிணறே துணை. மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளால்தான் மலக்குழியின் நீரும் இறங்குகின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மணற்பாங்கான நிலம் கழிவுநீரை ஓரளவு வடிகட்டும்; வெடிப்புள்ள கல் அவ்வாறு வடிகட்டுவதில்லை. எனவே, அடிப்பாகம் பூசப்படாத குழி நெடுங்காலம் நிரம்பாதிருப்பின், அதிலுள்ளது எங்கே போகின்றது என்று வினவுதல் வேண்டும்.

இதற்கு உலகறிந்த சான்றொன்று உண்டு. 1854 ஆம் ஆண்டு இலண்டனின் புரோட் வீதியில் பரவிய வாந்திபேதி 600 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பொதுக் கிணற்று நீரே காரணமென வைத்தியர் ஜோன் ஸ்னோ எடுத்துக்காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீடொன்றின் கழிவுக்குழி சிதைந்து கிணற்றுப் பக்கமாகக் கசிந்திருந்தமை தெரியவந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் மூன்று அடிக்கும் குறைவாகும். நோய் பரவும்வரை அக்கசிவை எவரும் அறிந்திருக்கவில்லை.

அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. மலசலகூடத்தில் ஊற்றிய நீர் சற்று மேலெழுந்து பின்னர் மெதுவாக இறங்குதல், குளியலறையில் நீர் வடியும்போது மற்றொரு குழாயில் ‘குளுகுளு’ என்ற ஓசை எழுதல், காலையில் துர்நாற்றம் மிகுதல், கரப்பான் பூச்சிகள் பெருகுதல் என்பன முதற் குறிகளாகும். கோடையில் வளவெல்லாம் காய்ந்திருக்க, குழியைச் சூழ்ந்த புல் மட்டும் பசுமையாயிருப்பின் கழிவுநீர் மேற்படையில் கசிகின்றது எனக் கொள்ளலாம்.

ஓரிடத்தில் மட்டும் நீர் தேங்கினால் அடைப்பு அக்குழாயில் உள்ளது. குசினியில் கொழுப்பும் சோற்றுப் பருக்கையும், குளியலறையில் முடியும் சவர்க்காரப் படிவும் இதற்குக் காரணமாகலாம். இதனை வீட்டிலேயே நீக்கிவிடலாம். எல்லா இடங்களிலும் ஒருசேரத் தேங்கினால் பிரதான குழாயோ குழியோ பழுதுற்றுள்ளது. மழைக்காலத்தில் மட்டும் தேங்கினால், நிலத்தடி நீர் உயர்ந்து குழியின் மட்டத்தை எட்டியிருக்கக்கூடும். இந்த மூன்றாவது நிலையே மிகவும் ஆபத்தானது. ஏனெனில் அப்போது குழியும் கிணறும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றன.

நெடுங்காலம் பூட்டியிருந்த வீடுகள் தனிக் கவனத்துக்குரியவை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். மீளத் திரும்பியோரின் வீடுகளிலும், புலம்பெயர்ந்தோர் திருவிழாவுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ வந்து திறக்கும் வீடுகளிலும், குழாய்களுள் மரவேர்கள் புகுந்திருக்கலாம்; குழியின் மூடி உக்கியிருக்கலாம். ஆட்கள் குடியேறுமுன் இவற்றைப் பரிசோதித்தல் நன்று. கோயில் மடங்களிலும் பள்ளிவாசல்களில் வுழூச் செய்யும் இடங்களிலும் கூட்டம் கூடுமுன்னர் வடிகால்களைப் பார்வையிடுவதும் அவசியமாகும்.

செய்யத்தகாதவை சில. அமிலம் ஊற்றலாகாது, அது குழாயை அரிப்பதோடு கழிவை உக்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். எக்காரணம் கொண்டும் குழிக்குள் ஆளை இறக்கலாகாது. அங்கு தேங்கும் ஐதரசன் சல்பைட் வாயு முகரும் உணர்வையே மழுங்கடித்து, கணப்பொழுதில் மயக்கமுறச் செய்யும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் உயிரிழந்த சம்பவங்கள் பல.

பிரதான குழாயில் அடைப்பு, குழியைச் சூழ நிலம் தாழ்தல், கழிவு வெளியே பொங்குதல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் தாமதியாது பிரதேச சபைக்கு அறிவித்தல் வேண்டும். கிணற்று நீரில் நாற்றமோ நிறமாற்றமோ தோன்றினாலும், அயலில் வயிற்றோட்டமோ நெருப்புக்காய்ச்சலோ கண்டாலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுதல் வேண்டும். அதுவரை நீரைக் கொதிக்க வைத்தே பருகவேண்டும். கொதிக்க வைத்தல் கிருமிகளைக் கொல்லுமேயன்றி, கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றை அகற்றாது. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. ஆதலால் சந்தேகத்துக்குரிய கிணற்று நீரில் பால்மா கரைத்தல் கூடாது.

கழிவகற்றும் பவுசர் வேலணைக்குத் தரைவழியே வந்துவிடும். நயினாதீவும் நெடுந்தீவும் குறிகட்டுவானுக்கு அப்பால் கடலின் நடுவே உள்ளன. மாரிக் கடல் கொந்தளிக்கையில் உதவி கிடைப்பது எளிதன்று. எனவே ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே குழிகளைப் பரிசோதித்துக்கொள்வது விவேகமாகும்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி இருக்கவேண்டும் என்பது வழக்கிலுள்ள கணக்கு. கல்வெடிப்புகள் அக்கணக்கை மதிப்பதில்லை. அத்துடன் எமது குழியை அடுத்திருப்பது அயலவரின் கிணறாகவும் இருக்கக்கூடும். மதிலும் வேலியும் நிலத்துக்கு மேலேதான். அடியில் ஓடும் நீர் அனைவருக்கும் பொதுவானது. அடுத்தமுறை ஒரு குழி தோண்டும்போதோ திருத்தும்போதோ, அடிப்பாகம் பூசிய தொட்டியைக் கட்டி, உரிய காலத்தில் அதனை வெறுமையாக்குவது செலவு மிக்கதாயினும், ஒரு கிணற்றை இழப்பதிலும் பார்க்க அது சிறு செலவே.