சிறிய ஞானோபதேசம்

மார்ட்டின் லுத்தர் 1529இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட வினாவிடை நூல். சாக்சனிச் சபைகளைப் பார்வையிட்டபோது மக்கள் விசுவாசத்தின் அடிப்படையையே அறியாதிருக்கக் கண்டு வருந்தி, இதை எழுதினார். முதலில் சுவரில் தொங்கவிடும் தாள்களாக வந்தது; வீட்டுத் தலைவரே பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். காலை, மாலை, உணவுவேளை ஜெபங்களும் இதில் உண்டு.

நூலின் உயிர் விசுவாசப் பிரமாணத்தின் இரண்டாம் பகுதிக்கான விளக்கம். இயேசு மெய்யான தேவன், மரியாளிடம் பிறந்த மெய்யான மனிதர் என்பதோடு, அவர் என் ஆண்டவர் என்றும் பிள்ளை தன் வாயால் அறிக்கையிடுகிறது. கிறிஸ்துவின் தெய்வத்துவம் இங்கே தத்துவமாக அல்ல, உறவாகவே பிள்ளையின் மனத்தில் ஊன்றுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு இந்நூலைத் தமிழாக்கினார்.