செஞ்சி ராஜா என்ன உடுத்தினார்?

செஞ்சிக்குப் போறவங்க பீரங்கியைப் பார்ப்பாங்க, களஞ்சியத்தைப் பார்ப்பாங்க, மூச்சு வாங்க ராஜகிரி ஏறுவாங்க. 2025ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகளில் ஒன்றாகத்தான். நானும் மலை ஏறி இறங்கி, கல்யாண மகால் பக்கம் நிழலில் உட்கார்ந்தபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை கல்லுக்கு நடுவே வாழ்ந்த மனுஷங்க என்ன துணி கட்டினாங்க, என்ன நகை போட்டாங்க? கோட்டையில் அதுக்கு ஒரு நூல்கூட மிச்சமில்லை.

பதில் ஒரு வெளியூர்க்காரரிடம் இருக்கிறது. 1597ல் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், கிருஷ்ணப்ப நாயக்கரை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ராஜா பட்டுக் கம்பளத்தில், திண்டில் சாய்ந்தபடி இருந்தாராம். நீளமான பட்டு அங்கி. மார்பு முழுக்கப் பரவிய பெரிய சங்கிலி, அதில் முத்தும் மணிகளும். உச்சியில் முடிந்த கொண்டையிலும் முத்து! நம்ம சினிமா ராஜாக்கள் மாதிரி தலையில் ஒரு கிலோ கிரீடம் எல்லாம் இல்லை, கவனிச்சீங்களா?

சரி, துணிக்கு வருவோம். நாயக்கர் ஆட்சி கடற்கரை வரை நீண்டிருந்தது. கடலூர் பக்கத்து தேவனாம்பட்டினத்தில் 1608ல் டச்சுக்காரர்கள் அவர் அனுமதியோடு கடை விரித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அது விளைந்த கிழக்குத் தீவுகளில் வெள்ளிக்காசைவிட நம்ம கரைத் துணிக்குத்தான் மவுசு. துணி இங்கே வாங்கு, அங்கே கொடு, வாசனைச் சரக்கை ஐரோப்பாவுக்கு ஏத்து. அவ்வளவுதான் வியாபாரம். 1690ல் இதே தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றது, அப்போது செஞ்சியில் இருந்த ராஜாராமின் மராட்டிய அரசு. பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எங்க நிலம் என்று எல்லை போட்டுக்கொண்டார்கள். அந்த ஊர்களுக்கு குண்டு கிராமங்கள் என்றே பேர்!

அந்தத் துணியின் உயிர் சிவப்பு. கடலோர மணலில் வளரும் சின்னச் செடியின் வேர்தான் சாயவேர், இம்பூரல் என்றும் சொல்வாங்க. கடுக்காயில் ஊறவைத்த பருத்தித் துணியில் படிகார நீரால் பூ வரைவார்கள். அப்போது சரியாகக் கண்ணுக்கே தெரியாது. சாயவேரோடு கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பாகப் பிடித்துக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. வெகு தூரம் தாண்டி, மத்திய ஆசியாவில் துர்க்மேனியப் பெண்கள் கம்பளத்துக்கு மஞ்சிட்டி இனத்து வேரில் சிவப்பு ஏற்றினார்கள். வேற செடி, ஆனால் இரண்டிலும் நிறம் கொடுப்பது அலிசரின் என்ற ஒரே பொருள். அங்கே கம்பளி, இங்கே பருத்தி. பருத்தியில் சிவப்பு பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். நம்மாளுங்க அதில் கில்லாடிகள்.

1868ல் ஜெர்மனியில் அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் மலிவு விலையில் உலகம் முழுக்க வந்தது. அங்கே மஞ்சிட்டியும் இங்கே சாயவேரும் சேர்ந்தே படுத்தன. மணலில் வேர் தோண்டிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கோட்டை கட்டி எழுதி வைக்கவில்லை.

ஊர் திரும்பும் வழியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் இம்பூரல் கேட்டேன். "இருமலா சார்?" என்றார் கடைக்காரர். சாயத்துக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். வாங்கி வந்த வேர் இன்னும் பொட்டலத்திலேயே இருக்கு... ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வேட்டி ஒன்றில் முயற்சி பண்ணணும்.